நத்தார் மரத்தில் ஒரு சாயத்தண்ணிக் கோப்பை: குரோசே செய்முறையும் உழைப்பின் கணக்கும்

நவம்பர் பிறந்துவிட்டால் குரோசே போடுகிறவர்கள் பார்க்கும் காணொளிகளிலும் பின்னல் புத்தகங்களிலும் ஒரே வகையான மாதிரிகள் வரத் தொடங்கும். மார்ஷ்மெலோ மிதக்கும் சூடான சொக்லேட் கோப்பை, நுரை பொங்கும் கோப்பிக் குவளை, முட்டையும் பாலும் கலந்த எக்நொக் கிளாஸ். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் நூலால் பின்னி நத்தார் மரத்தில் தொங்கவிடுவதற்கானவை இவை. எல்லாமே ஐரோப்பிய, அமெரிக்கக் குளிர்காலத்தின் பானங்கள்.

குளிர் நமக்கும் உண்டு. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நுவரெலியாவில் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் இராகலையிலும் மூடுபனிக்குள்தான் நத்தார் வரும். ஆனால் லயத்து அடுப்படியில் அந்தக் குளிருக்குக் கொதிப்பது சொக்லேட் அல்ல, சாயத்தண்ணி. பால் இல்லாமல், இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டு, சீனியைக் கலந்தோ கையில் வைத்து நக்கியோ குடிக்கும் தேத்தண்ணி. உலகம் முழுக்கப் போகும் இலங்கைத் தேயிலையைப் பறிக்கும் வீடுகளின் நத்தார்ப் பானம் அதுதான்.

அந்தக் கோப்பையைக் குரோசேயில் எப்படிப் பின்னுவது என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. இந்தக் கலை நம் ஊர்களுக்கு வந்த வழி, நூலுக்குத் தேயிலையாலேயே சாயம் ஏற்றும் முறை, விற்பதானால் விலை குறிக்கும் விதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் அல்ல. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கைவேலைப் பயிற்சி பெற்று, சான்றிதழும் வாங்கி, செய்த பொருளை விற்க வழியின்றி நின்ற பெண்கள் பலர். அவர்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியும். கணக்குப் பார்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நத்தாரும் தேயிலையும்

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிராக நட்டார். 1869 இல் கோப்பி இலைகளில் பரவத் தொடங்கிய நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அதற்கு முன்பே, 1820களிலிருந்து, தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் உழைப்பில்தான் மலைகள் திருத்தப்பட்டிருந்தன. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் போனார்கள்.

துரைமாருக்கான தேவாலயங்கள் ஆரம்பத்திலேயே எழுந்தன. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852 ஐச் சேர்ந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி டிக்கோயாவில் நிற்கும் வார்லி தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டது. தொழிலாளருக்கான சமயப் பணி 1854 இல் தொடங்கியது. அதற்கு வைக்கப்பட்ட பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று மலையகத் தமிழரில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. ஆனால் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பறாக்களில் வாழ்பவர்களுக்குத் தீபாவளிப் பலகாரமும் நத்தார்க் கேக்கும் பொதுவானவை. மரமும் கடையில் வாங்குவது அல்ல. சைப்பிரஸ் கிளை ஒன்றை வெட்டி வந்து, மண் நிரப்பிய தகர வாளியில் நட்டால் அதுதான் நத்தார் மரம்.

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். பாதுகாப்புத் தேடிப் போன அந்த இடத்திலேயே அவர்கள் 2009 வரை போரையும் சுமந்தார்கள். அவர்கள் வீட்டு நத்தார் மரத்தில் தேத்தண்ணிக் கோப்பை தொங்கினால் அது எந்த மலையைச் சொல்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ரேந்தையிலிருந்து குரோசே வரை

'நத்தார்' என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. 'நத்தால்' என்றால் அவர்கள் மொழியில் கிறிஸ்து பிறப்பு. சட்டை ஓரத்திலும் மேசை விரிப்பிலும் வைக்கும் 'ரேந்தை'யும் அவர்களுடைய 'ரெந்தா'தான். பண்டிகையும் பின்னல் வேலையும் ஒரே கப்பலில் நம் மொழிக்குள் இறங்கின என்று சொல்லலாம்.

ரேந்தை வேறு, குரோசே வேறு. பல மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒரு மெத்தையின் மேல் ஊசி குத்திப் பின்னுவது பழைய ரேந்தை. காலியிலும் வெலிகமையிலும் இன்றும் நடக்கும் 'பீரளு' அந்த வகை. குரோசேக்கு நுனி வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலும் போதும். 'குரோசே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே சின்னக் கொக்கி. மெத்தையோ சட்டகமோ இயந்திரமோ தேவைப்படாது. பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். ஏழை வீடுகளுக்குள் அது வேகமாக நுழைந்ததற்கு இதுவே காரணம்.

அயர்லாந்தில் 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கன்னியர் மடங்களும் நிவாரணக் குழுக்களும் பெண்களுக்குக் குரோசே ரேந்தை பழக்கின. சாவுக்கும் பட்டினிக்கும் நடுவில் பல குடும்பங்களுக்கு அதுவே வருமானம் ஆனது. மிஷன் பள்ளிகள் வழியாகவும் இந்தக் கலை ஆசியாவில் பரவியது.

நம் பக்கத்தில் இரண்டு கதைகளைத் தெரிந்திருப்பது நல்லது. முதலாவது நாகர்கோவில். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் அங்கே ரேந்தைப் பள்ளி தொடங்கினார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் ரேந்தையில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

இரண்டாவது ஆந்திராவின் நரசாபுரம். குரோசேக்கு இந்தியாவில் பெயர்பெற்ற ஊர் அதுதான். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுவேலைக்கு மேலே நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னிய பெண்களுக்கு வயல் கூலியின் குறைந்தபட்ச அளவுகூடக் கிடைக்கவில்லை. பொருளோ வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. வியாபாரிகள் செல்வந்தர் ஆனார்கள். இந்தப் பெண்களைத் தொழிலாளர் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிற வீட்டுப் பெண்கள்' என்றே சொன்னார்கள். அந்தச் சொல்தான் கூலியைக் கீழே வைத்திருந்தது என்பது மீஸின் முடிவு.

நாகர்கோவிலிலும் நரசாபுரத்திலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பணம் யார் கைக்குப் போனது என்பதில்தான் வித்தியாசம். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

நூல்: நடுத்தரத் தடிப்புள்ள அக்ரிலிக் நூல் ஆரம்பக்காரருக்கு இலகு. கோப்பைக்கு வெள்ளை ஏறக்குறைய 15 கிராம், தேத்தண்ணிக்குச் செம்பழுப்பு 5 கிராம், விளிம்புக்கு நீலமும் இலைக்குப் பச்சையும் கொஞ்சம். புது நூல்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சுவெட்டரைப் பிரித்து, நூலைச் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். கம்பளி மலையகத்துக்குப் புதிதும் அல்ல. மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ளத் தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியின் விலை பிறகு கூலியில் கழிக்கப்பட்டதை மூத்தவர்கள் அறிவார்கள்.

ஊசி: 3 மில்லிமீற்றர் கொக்கி ஊசி. நூலின் உறையில் 4 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் சின்ன ஊசியையே எடுங்கள். பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே வைக்கும் பஞ்சு வெளியே தெரியாது.

மற்றவை: பெரிய காதுள்ள தையல் ஊசி ஒன்று, கத்தரிக்கோல், சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்க வேறு நிறத் துண்டுநூல், அடைக்க இலவம்பஞ்சு அல்லது பழைய தலையணைப் பஞ்சு, அடித்தட்டுக்கு ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியில் வெட்டிய 3.5 சென்ரிமீற்றர் வட்டம்.

தையல்களும் பெயர்க் குழப்பமும்

இந்தக் கோப்பைக்கு ஐந்து தையல்கள் போதும்.

சங்கிலி: ஊசியில் இருக்கும் கண்ணிக்குள்ளால் நூலை இழுத்தால் ஒரு சங்கிலி.

வழுக்குத் தையல்: கீழே உள்ள கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை எடுத்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுவையில் இழுப்பது.

ஒற்றைத் தையல்: கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி நூலை எடுத்து இரண்டுக்குள்ளாலும் இழுக்க வேண்டும்.

அரை இரட்டைத் தையல்: முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கண்ணிக்குள் விட்டு இழுத்தால் மூன்று கண்ணிகள். மூன்றுக்குள்ளாலும் ஒரே தடவையில் இழுக்க வேண்டும்.

இரட்டைத் தையல்: அதே மூன்று கண்ணிகளை இரண்டு இரண்டாக, இரு தடவையில் இழுப்பது.

'பெருக்கல்' என்று கீழே வரும் இடத்தில் ஒரே கண்ணிக்குள் இரண்டு ஒற்றைத் தையல் போட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பிரித்தானிய முறையும் அமெரிக்க முறையும் ஒரே தையலுக்கு வெவ்வேறு பெயர் சொல்கின்றன. இங்கே 'ஒற்றை' என்பது அமெரிக்க முறையில் 'சிங்கிள்', பிரித்தானிய முறையில் 'டபிள்'. இங்கே 'இரட்டை' என்பது அமெரிக்க முறையில் 'டபிள்', பிரித்தானிய முறையில் 'டிரெபிள்'. கொன்வென்ற்றில் படித்த பாட்டிமார் பிரித்தானியப் பெயரைச் சொல்வார்கள். யூரியூப் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெயரைச் சொல்லும். இரண்டையும் கலந்தால் கோப்பையின் சுவர் உயர்ந்து, ஓட்டை ஓட்டையாக நிற்கும். கை பிழை செய்யவில்லை, பெயர்தான் பிழை.

சாயத்தண்ணியில் ஒரு சாயம்

பெயரிலேயே சாயம் இருக்கிறது. தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் பருத்தியையும் கம்பளியையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும். எனவே கோப்பைக்குள் வைக்கும் 'தேத்தண்ணி'க்கு வெள்ளைப் பருத்தி நூலை எடுத்து, உண்மையான தேயிலையிலேயே நிறம் ஏற்றலாம். அக்ரிலிக் நூலில் இது பிடிக்காது.

ஒரு லீற்றர் தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி தேயிலைத் தூள் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். தோட்டத்தில் கிடைக்கும் தூளே தாராளம். குடித்து மிஞ்சிய சக்கையும் உதவும், ஆனால் இரண்டு மடங்கு வேண்டும். நூலை உருண்டையாகப் போடக்கூடாது. பெரிய வளையமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி, முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறகு சூடான சாயத்தில் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். கூடுதல் நிறம் வேண்டுமானால் இரவு முழுக்க விடலாம். பிறகு அலசி நிழலில் காயப்போடுங்கள்.

ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் குறையும். எனவே வேண்டியதைவிட ஒரு படி கடுமையாகவே எடுங்கள். துருப்பிடித்த பாத்திரத்தில் செய்தால் இரும்பு தனினோடு சேர்ந்து நூலைச் சாம்பல் நிறமாக்கும். பருத்தி நூல் மெல்லியதாக இருந்தால் இரண்டு இழை சேர்த்துப் பின்னினால் அக்ரிலிக் கோப்பையோடு அளவு பொருந்தும்.

கோப்பை

வெள்ளை நூல். சுற்றுகளை மூடாமல் சுருளாகத் தொடர்ந்து போங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் அடையாள நூலை மாட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தச் சுற்றின் முடிவில் இருக்க வேண்டிய தையல் எண்ணிக்கை.

சுற்று 1: 2 சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள் 6 ஒற்றைத் தையல் (6).

சுற்று 2: ஒவ்வொரு கண்ணியிலும் பெருக்கல் (12).

சுற்று 3: 1 ஒற்றை, 1 பெருக்கல், இதை ஆறு தடவை (18).

சுற்று 4: 2 ஒற்றை, 1 பெருக்கல், ஆறு தடவை (24).

சுற்று 5: கண்ணியின் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டு 24 ஒற்றை (24). இந்தச் சுற்றில்தான் அடித்தட்டு முடிந்து சுவர் எழும்பும்.

சுற்று 6, 7: பெருக்காமல் 24 ஒற்றை (24).

சுற்று 8: 3 ஒற்றை, 1 பெருக்கல், ஆறு தடவை (30).

சுற்று 9 முதல் 12 வரை: 30 ஒற்றை (30). 12 ஆம் சுற்றின் கடைசித் தையலை முடிக்கும்போது நீல நூலை எடுங்கள்.

சுற்று 13: நீலத்தில் 30 ஒற்றை (30). ஒரு வழுக்குத் தையல் போட்டு நூலை வெட்டி மறையுங்கள்.

வாய் அகலம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர், உயரம் 4 சென்ரிமீற்றர் வரும். வெள்ளைக் கோப்பைக்கு நீல விளிம்பு வைத்தது பழைய எனாமல் கோப்பையின் ஞாபகத்தில். யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி வேண்டுமானால் மஞ்சள் நூலில் இதே அளவைப் பின்னி, விளிம்பில் ஒரே கண்ணிக்குள் 3 இரட்டைத் தையல் போட்டால் மூக்கு நீளும். பேணிக்குக் காது வேண்டாம்.

தேத்தண்ணி

பழுப்பு நூல். சுற்று 1 முதல் 4 வரை கோப்பையைப் போலவே. சுற்று 5: 3 ஒற்றை, 1 பெருக்கல், ஆறு தடவை (30). தைப்பதற்கு இரண்டு முழ நூல் விட்டு வெட்டுங்கள்.

கோப்பையின் அடியில் பிளாஸ்ரிக் வட்டத்தை வைத்து, மேலே பஞ்சை நிரப்புங்கள். பழுப்பு வட்டத்தை உள்ளே வைத்து, 11 ஆம் சுற்றின் உட்பக்கத்தோடு கண்ணிக்குக் கண்ணி தையுங்கள். இரண்டிலும் 30 இருப்பதால் சரியாகப் பொருந்தும். மேலே இரண்டு சுற்று விளிம்பாக நிற்கும். பஞ்சை அளவுக்கு மீறி அடைத்தால் தேத்தண்ணி மேடாக எழும்பும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பஞ்சுக்குப் பதிலாகத் தேயிலையை உள்ளே போடாதீர்கள்.

காது

வெள்ளையில் 12 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 11 ஒற்றைத் தையல். ஒரு நுனியை 11 ஆம் சுற்றிலும் மறு நுனியை 6 ஆம் சுற்றிலும், நேர்கோட்டில், வெளிப்பக்கத்தில் தையுங்கள்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

மேலைநாட்டு மாதிரிகளில் இந்த இடத்தில் முள்ளிலையும் சிவப்புப் பழமும் வரும். நமக்கு அது தேவையில்லை. நல்ல கொழுந்து என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பறிக்கிற எல்லோருக்கும் கை அறிந்த அளவு அது.

இலை: பச்சையில் 8 சங்கிலி. இரண்டாவது சங்கிலியிலிருந்து வரிசையாக ஒரு வழுக்கு, ஒரு ஒற்றை, ஒரு அரை இரட்டை, ஒரு இரட்டை, ஒரு அரை இரட்டை, ஒரு ஒற்றை, ஒரு வழுக்கு. ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, சங்கிலியின் மறுபக்கத்தில் அதே ஏழையும் போடுங்கள். இப்படி இரண்டு இலை.

மொட்டு: இளம்பச்சையில் 4 சங்கிலி. இரண்டாவதிலிருந்து 3 வழுக்குத் தையல்.

மொட்டை நடுவில் வைத்து இரண்டு இலையையும் பக்கத்தில் சேர்த்து, காதுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் தையுங்கள்.

தொங்கலும் ஆவியும்

தொங்கவிட: 40 சங்கிலி. ஒரு நுனி காதுக்கு மேலுள்ள விளிம்பில், மறு நுனி நேர் எதிரில். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, சாயாமல் நிற்கும் இடத்தில் சங்கிலியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் கட்டினால் தேத்தண்ணி கொட்டுகிற மாதிரித் தொங்கும்.

ஆவி வேண்டுமானால் வெள்ளையில் 10 சங்கிலி போட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் 3 ஒற்றைத் தையல். பின்னல் தானாகவே சுருளும். அதைத் தேத்தண்ணியின் நடுவில் நிமிர்த்தித் தையுங்கள்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

அடித்தட்டு கிண்ணம்போலக் குவிந்தால் கை இறுக்கம், அல்லது பெருக்கல் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஓரம் அலையலையாக நெளிந்தால் பெருக்கல் கூடிவிட்டது. எண்ணிக்கை பிழைத்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துப் போடுங்கள். குரோசேயில் ஊசியில் ஒரு கண்ணிதான் இருக்கும் என்பதால் பிரிப்பது எளிது.

அக்ரிலிக் நூல் நெருப்பில் உருகிப் பிடிக்கும். மெழுகுதிரிக்கும் சூடாகும் மின்குமிழுக்கும் அருகில் தொங்கவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மணி, பொத்தான் எதையும் சேர்க்காதீர்கள். பண்டிகை முடிந்ததும் வெயில் காட்டி, மூடி இறுக்கமான பிஸ்கற் தகரத்தில் வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் துணிப்பையில் போட்டு வைத்தால் அடுத்த நத்தாருக்குப் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

விலை: கணக்கைத் திறந்து பார்ப்போம்

சாதாரண நிட்டிங் பின்னலுக்கு இயந்திரம் உண்டு. குரோசேயை அப்படியே போடும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அப்படியென்றால் எந்த நாட்டுக் கடையில் எவ்வளவு மலிவாகக் குரோசேப் பொருள் இருந்தாலும், அதை ஒரு மனிதரின் கை பின்னியிருக்கிறது. விலை மலிவு என்றால் அந்தக் கையின் கூலி மலிவு.

இந்தக் கோப்பைக்குப் பழகிய கையும் இரண்டரை மணி நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நூல், பஞ்சு எல்லாம் சேர்த்து 150 ரூபா என்று வைப்போம். 300 ரூபாவுக்கு விற்றால் பொருட்செலவு போக மிஞ்சுவது 150. மணிக்கு 60 ரூபா. எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபா.

பெருந்தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 இல் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 1000 ரூபாவுக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021 இல் அதைப் பெற்ற பிறகு வந்த தொகை இது. வாழ்வதற்கு அது போதாது என்பதே தொழிலாளரின் வாதம். போதாத அந்தக் கூலியைக் கோப்பைக்குப் பொருத்தினாலும் மணிக்கு ஏறக்குறைய 169 ரூபா. இரண்டரை மணி நேரத்துக்கு 422 ரூபா. பொருட்செலவையும் சேர்த்தால் 572. ஊசி தேய்வு, பொதி, பஸ் காசு இன்னும் சேரவில்லை. ஆகவே 600 ரூபாவுக்குக் கீழே போகும் ஒவ்வொரு ரூபாவும் பின்னுகிறவரின் சட்டைப்பையிலிருந்தே போகிறது.

'வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே' என்று விலை குறைக்கக் கேட்பவர்கள் வருவார்கள். நரசாபுரத்துப் பெண்களிடம் சொன்னதும் அதையேதான். மலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சமைத்து, பிள்ளையைப் படுக்க வைத்து, அதன்பிறகு பின்னுகிற நேரம் சும்மா இருக்கிற நேரம் அல்ல.

விற்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள்:

முதல் ஐந்து கோப்பைக்கும் நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் உண்மையான நேரம் தெரியாமல் விலை சொல்லாதீர்கள்.

ஒவ்வொன்றாக முடிக்காமல் பத்து அடித்தட்டு, பத்துக் காது, இருபது இலை என்று பிரித்துச் செய்தால் நேரம் குறையும். நான்கு பேர் சேர்ந்து செய்தால் யார் எதைச் செய்தார் என்ற கணக்கும் கொப்பியில் இருக்கட்டும்.

பெரிய ஓடர் என்றால் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேளுங்கள். நூல் வாங்க நுண்கடன் எடுக்கும் நிலைக்குப் போகாதீர்கள். வாரத் தவணை கட்டும் வேகத்தில் கைவேலை விற்பனையாகாது என்பதை வடக்கும் கிழக்கும் பட்டறிந்துவிட்டன.

கடையில் வைத்து விற்றபின் பணம் தருவதாகச் சொன்னால், எத்தனை கொடுத்தீர்கள், எப்போது கணக்கு, விற்காதது எப்போது திரும்பும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நத்தார்ப் பொருளுக்கு டிசெம்பர் பிந்திவிட்ட காலம். ஓகஸ்டில் தொடங்கினால் ஒக்ரோபரில் தேவாலய விற்பனைகளுக்கும் நவம்பரில் வெளிநாட்டுத் தபாலுக்கும் தயாராகலாம். பொருள் எடை குறைந்தது, உடையாதது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரு சின்ன உறையில் போய்விடும்.

பொதியில் ஒரு சீட்டு வையுங்கள். பின்னியவர் விரும்பினால் பெயர், ஊர், எடுத்த நேரம். 'இதைப் பின்ன இரண்டரை மணி நேரம் ஆனது' என்ற ஒரு வரி, விலை ஏன் 600 என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வரும் கைவேலைக்கு இரக்கப்பட்டு ஒருமுறை கூடுதலாகக் கொடுப்பதைவிட, சரியான விலைக்கு ஒவ்வொரு ஆண்டும் வாங்குவது அந்த வீட்டுக்குப் பயன்படும். எடுத்த நேரம் எவ்வளவு, அதில் பின்னியவருக்கு எவ்வளவு போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.